கல்லாப் பெட்டியில் 14 வருடங்கள்

‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ படத்தில் பிரகாஷ்ராஜ் சிரித்துக்கொண்டே கோபப்படும் மருத்துவக் கல்லூரி டீன். ‘நண்பன்’ படத்தில் சத்யராஜ் மாணவர்களை நடுங்க வைக்கும் கல்லூரி முதல்வர். இரண்டையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தியில் இவ்விரண்டு வேடங்களையும் முதலில் செய்தவர் ஒருவரே, போமன் இரானி. ‘காப்பான்’ படத்தில் அவரே தமிழுக்கும் வந்தார்.

1959 டிசம்பரில் பம்பாயில் பிறந்தவர். பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே தந்தை இறந்துவிட்டார். கிராண்ட் ரோடு வட்டாரத்தில் இருந்த உருளைக்கிழங்கு வறுவல் கடையை வைத்துத் தாய்தான் குடும்பத்தை நடத்தினார். சிறு வயதில் பையனுக்கு டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு. கல்லூரி முடித்து, தாஜ் மஹால் ஹோட்டலில் அறைகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. பிறகு குடும்பச் சூழ்நிலையால் தாயின் கடைக்கே வந்து கல்லாவில் உட்கார்ந்தார். ஏறக்குறைய 14 வருடங்கள்!

இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் “பாவம், வீணாய்ப் போன வருடங்கள்” என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாளில் எத்தனை விதமான மனிதர்கள் வந்து போகிறார்கள் என்று. சில்லறைக்குச் சண்டை போடுபவர், ஊர்க்கதை பேசுபவர், எதையும் வாங்காமல் விலை மட்டும் கேட்பவர். ‘கோஸ்லா கா கோஸ்லா’வில் நிலத்தை அபகரிக்கும் குரானாவாக அவர் பேசும் தோரணையைப் பாருங்கள். அது பயிற்சிப் பள்ளியில் கற்ற மாதிரி தெரியவில்லை.

முப்பது வயதைத் தாண்டி, கடையில் இருந்துகொண்டே கேமராவைக் கையில் எடுத்து, புகைப்படக் கலைஞரானார். நடனக் கலைஞர் ஷியாமக் தாவர் அவரை நாடக இயக்குநர் அலிக் பதம்சியிடம் அழைத்துப்போனார். நாடகம் பிடித்துக்கொண்டது. ‘ஐ ஆம் நாட் பாஜிராவ்’ பூங்கா பெஞ்சில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு கிழவர்களின் கதை. (நம் ‘பி’ பிளாக் பெஞ்சுக்காரர்கள் கவனிக்க.) பல வருடங்கள் ஓடியது. இன்னொரு நாடகத்தில் காந்தியாக நடித்தார்.

அதன் பிறகுதான் சினிமா. 2002இல் வந்த ‘லெட்ஸ் டாக்’ டிஜிட்டல் கேமராவில் எடுத்த சிறிய படம். அதைப் பார்த்த தயாரிப்பாளர் விது வினோத் சோப்ரா இரண்டு லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். எந்தப் படத்துக்கு என்று அவருக்கே அப்போது தெரியாது. ஈடு இல்லாமல் கடன் கொடுப்பது போன்ற காரியம், வங்கியில் இருந்த நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். அந்தப் படம்தான் ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ 2003 டிசம்பரில் அது வெளியானபோது அவருக்கு 44 வயது. அடுத்தடுத்து ‘லகே ரஹோ முன்னாபாய்’, 2009இல் ‘3 இடியட்ஸ்’ என்று போனது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த கட்டம். பெயரும் புகழும் வந்தபின், மறுபடி மாணவராகி, திரைக்கதை எழுதக் கற்றுக்கொண்டார். ‘பேர்ட்மேன்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் டினெலாரிஸுடன் சேர்ந்து எழுதி, தானே இயக்கி நடித்த ‘தி மேத்தா பாய்ஸ்’ 2025 பிப்ரவரியில் பிரைம் வீடியோவில் வந்தது. முதல் முறை இயக்குநர், வயது 65.

கதை நமக்கு அந்நியமில்லை. மனைவியை இழந்த அப்பா, அமெரிக்காவிலுள்ள மகளோடு போய் இருக்கக் கிளம்புகிறார். டிக்கெட் குளறுபடியால் இரண்டு நாள் மும்பையில் மகனின் சின்ன ஃபிளாட்டில் தங்க வேண்டியதாகிறது. இருவருக்கும் ஒத்துவராது. விளக்குப் போடுவதிலிருந்து கார் ஓட்டுவது வரை உரசல். அப்பா முகத்தையே பார்க்காத ஒருவர் எடுத்த அப்பா-மகன் கதை இது.

வெளியூரிலிருந்து பிள்ளைகள் வரும் வாரத்தில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பாதியில் யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால், ஏன் என்று கேட்காதீர்கள்.