வானொலி அலையும் முதுகெலும்பும்

மூணாற்றின் தேயிலை மலைகளிலும் பாலக்காட்டுச் சித்தூரின் வயலோரங்களிலும் வாழும் நம்மவர், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தாய்மொழிக் குரலை நெடுங்காலம் நடுஅலை ஒலிபரப்பில் கேட்டு வந்தனர். அந்த அலைவரிசை 530 கிலோஹெர்ட்ஸ் அளவில் தொடங்குகிறது. அதற்குச் சற்றே கீழே, ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸில் ஊசலாடும் மின்னோட்டம், முதுகெலும்பில் பரவிய புற்றுநோயின் வலியைத் தணிக்கவும் இன்று பயன்படுகிறது. அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

வினாடிக்குப் பதினாயிரம் முறைக்கு மேல் ஊசலாடும் மின்னோட்டம் தசைகளைத் துடிக்கச் செய்வதில்லை என்பதைப் பிரெஞ்சு அறிஞர் தார்சொன்வால் 1891-இல் கண்டார். துடிப்பு நீங்கினும் வெப்பம் எஞ்சியது. 1926-இல் பாஸ்டன் நகரில் குஷிங், போவி என்னும் இருவர் அவ்வெப்பத்தால் குருதிக் கசிவை நிறுத்தி மூளையில் அறுவை செய்தனர். 1989-இல் நாய்களின் எலும்பில் ஊசிமுனை செலுத்தி, வெப்பம் எவ்வளவு தொலைவு திசுவை அழிக்கிறது என்று அளந்தனர். அவ்வளவை அறிந்த பின்னரே, 1992-இல் ரோசந்தால் குழுவினர் மனிதரின் எலும்பிலுள்ள சிறு கட்டிகளை இம்முறையால் அகற்றிய செய்தியை வெளியிட்டனர்.

முதுகெலும்பில் இடர் மிகுதி. புற்றணுக்களை அழிக்க 50 பாகைக்கு மேல் வெப்பம் வேண்டும். அருகிலுள்ள தண்டுவடமோ 45 பாகையையே தாங்காது. பிழை நேரின் கால்கள் செயலிழக்கும். ஆகவே டூப்புயி குழுவினர் பன்றிகளின் முதுகெலும்பில் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை அறிவித்தனர். எலும்பின் கெட்டியான புறச்சுவர் வெப்பத்தைத் தடுத்தது. தண்டுவடக் குழாயில் வெப்பம் அழிவெல்லையை எட்டவில்லை. ஆயினும் நோய் அச்சுவரை அரித்துவிட்ட இடத்தில் அந்தக் காப்பு இல்லை. ஆதலின் அத்தகைய இடங்களில் வெப்பத்தை அளந்தறிந்தே மருத்துவர் முன்செல்ல வேண்டியுள்ளது.

கேரளத்திலும் இந்நெறிக்குச் சான்று உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய இதய வால்வு, செம்மறியாடுகளில் சோதிக்கப்பட்ட பின்னரே 1990-இல் மனிதருக்குப் பொருத்தப்பட்டது.

வாய்பேசா உயிர்கள் நமக்காக நோவதா என்னும் கேள்வி எழுவது இயல்பே. மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் அக்கேள்வியை எழுப்பினார். அவருடைய முயற்சியின் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் சோதனையை விலக்கவில்லை. இயன்றவரை மயக்கமருந்து தரவேண்டும், சிறு விலங்கு போதுமெனில் பெரிய விலங்கைத் தொடலாகாது என்று வரையறுத்தது. மனித முதுகெலும்பின் பருமனை ஒத்த எலும்பு எலியிடம் இல்லை. அதனாலேயே பன்றி வேண்டியதாயிற்று.

வலி தணிந்து எழுந்து நடக்கும் நோயாளி மருத்துவருக்கு நன்றி கூறுவார். பெயரறியாத அவ்வுயிர்களுக்கும் நாம் கடன்பட்டுள்ளோம். தேவைக்கு மேல் ஓர் உயிரையும் வருத்தாதிருத்தலே அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.