நீலச் சொட்டு, சிவப்புச் சொட்டு

எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் காய்ச்சல் ஒரு வாரம் தாண்டினால், "வைடால் பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பரிசோதனைக்கூடத்தில் அந்தச் சோதனையைச் செய்தே என் பணிக்காலம் கழிந்தது.

1892-இல் பெர்லினில், ராபர்ட் கோஹ்வின் கூடத்தில் ரிச்சர்ட் பைஃபர் காலராக் கிருமிகளைக் கொன்று கினிப்பன்றிக்குச் செலுத்தினார். செத்த கிருமியும் விலங்கைக் கொன்றது. கிருமியின் உடலோடேயே இருக்கும் அந்த நஞ்சுதான் எண்டோடாக்சின். 1896-இல் பாரிஸில் பெர்னான் விடால், டைபாய்டு நோயாளியின் சீரத்தில் கிருமிகள் திரளுவதை நோயறியும் வழியாக்கினார்; அவர் பெயரில் வந்ததே எங்கள் 'வைடால்'.

எங்கள் சோதனைப் பெட்டியில், கிருமிக் கரைசல் கொண்ட நீல நிறக் குப்பி 'ஓ', சிவப்பு 'எச்'. நீலம்தான் டைபாய்டு கிருமியின் எண்டோடாக்சினோடு சேர்ந்தது: அந்த மூலக்கூறின் வெளிப்புறச் சர்க்கரைச் சங்கிலியே 'ஓ'. நஞ்சு உள்ளேயுள்ள கொழுப்புப் பகுதியில். நோயாளியின் எதிர்ப்பான்கள் சங்கிலியைப் பற்றினால் நீலம் திரிதிரியாகும்.

டைபாய்டு ஓயாத ஊரில், நலமாக இருப்பவர் ரத்தத்திலும் பழைய எதிர்ப்பான் கிடக்கும். ஒரே சீட்டை நம்பி மருந்து கொடுப்பது தவறு என்று இன்றும் சொல்வேன். பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியதா என்று பார்க்க வேண்டும். கூலி போகுமென்று பலர் திரும்பி வந்ததில்லை; 2001-இல் சுரங்கம் மூடியபின் வந்தவர்கள் இன்னும் குறைவு.

1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரேவகை எதிர்ப்பான்களை வளர்க்கக் கற்றபின் ஆய்வுக்கூடங்களில் தேடலின் திசை மாறியது. தெரிந்த எதிர்ப்பானைச் செலுத்தி, எண்டோடாக்சினின் எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள்.