பைக்கில் பின்சீட் ஃபுட்ரெஸ்ட்டை கழட்டலாமா? ஆர்.சி. புதுப்பிக்கும்போது என்ன ஆகும்?

திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்தால் போளூர், செங்கம் பக்கத்திலிருந்து அம்மாவையோ பாட்டியையோ பைக்கில் பின்னால் உட்கார வைத்து அழைத்து வருபவர்கள் ஏராளம். இன்னொரு பக்கம், பைக் 'லுக்'கா இருக்கணும்னு பின்சீட் ஃபுட்ரெஸ்ட், சேலை கார்டு இரண்டையும் கழட்டி வைப்பவர்களும் உண்டு. நாலு போல்ட் சமாச்சாரம்தானே என்று தோன்றும். ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 123-வது விதி இதைப் பற்றியதுதான். பின்னால் ஒருவர் உட்கார வசதி உள்ள பைக்கில் மூன்று விஷயங்கள் கட்டாயம்:

• பிடித்துக்கொள்ள நிரந்தரமான கைப்பிடி
• கால் வைக்க ஃபுட்ரெஸ்ட்
• துணி சிக்காமல் இருக்க பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு (நாம் சொல்லும் சேலை கார்டு)

பல பைக்குகளில் ஒருபக்கமாக உட்காருபவர்கள் கால் வைக்கும் தகடு, சேலை கார்டுடன் சேர்ந்தே வரும். கார்டைக் கழட்டினால் அதுவும் போய்விடும்.

அபராதம் உண்டா?

உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. 182ஏ(4) பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க இடமிருக்கிறது.

பின்னால் ஆளை ஏற்றினால் 128-வது பிரிவும் வரும். ஒருவரை மட்டுமே, சரியான சீட்டில், உரிய பாதுகாப்புடன் ஏற்ற வேண்டும். மீறினால் 194சி பிரிவில் ரூ.1,000 அபராதம், 3 மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு.

இன்ஸ்பெக்‌ஷன் எப்போது?

சொந்த பைக்குக்கு ஆட்டோ, லாரி மாதிரி அடிக்கடி எஃப்.சி. கிடையாது. பதிவு செய்து 15 ஆண்டு முடியும்போது ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும். உதாரணமாக, 2010-ல் 'டிஎன் 25' நம்பர் வாங்கிய பைக்குக்கு 2025-ல் முறை வரும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை.

காலாவதிக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்து படிவம் 25-ல் விண்ணப்பிக்கலாம். பைக்குக்கான கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் ரூ.300-லிருந்து ரூ.1,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு இன்னும் கூடும். பசுமை வரி தனி. மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். ஆர்.சி.யில் இருக்கை '2' என்று இருந்து, கால் வைக்க இடமே இல்லையென்றால் மாட்டிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்ப அவருக்கு முழுக் காரணம் இருக்கிறது.

வாடகைக்கு விடுவதற்காகப் பதிவான பைக் என்றால் (கறுப்பு பிளேட், மஞ்சள் எழுத்து) 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு.

நான் தனியாத்தானே ஓட்டுறேன்?

பிரிட்டனில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் இடமுண்டு. அங்கே பின்னால் ஆளை ஏற்றினால் கால் வைக்க வசதி இருக்க வேண்டும் என்பதே விதி. நம்ம ஊரில் வண்டியில் பின்சீட் வசதி இருந்தாலே ஃபுட்ரெஸ்ட் வேண்டும். ஜாவா பெராக் போல கம்பெனியே ஒற்றை சீட்டாகத் தயாரித்த பைக் வேறு. நாமே கழட்டியது வேறு.

ஆபத்து யாருக்கு?

பின்னால் இருப்பவருக்குத்தான். கால் ஊன்ற இடமில்லாவிட்டால் பள்ளத்தில், திடீர் பிரேக்கில் பேலன்ஸ் போகும். தொங்கும் கால் சக்கரக் கம்பியிலோ சூடான சைலன்சரிலோ படும். கார்டும் இல்லையென்றால் சேலை, துப்பட்டா சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் சொந்த பைக்கில் பின்னால் வருபவருக்கு அதில் பாதுகாப்பு இல்லை என்று 2006-ல் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

• கழட்டிய ஃபுட்ரெஸ்ட், போல்ட், ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். தொலைந்திருந்தால் அந்த மாடலுக்கான பார்ட்ஸையே வாங்குங்கள்.
• இரண்டு பக்கமும் ஆடாமல் நிற்கிறதா, ரப்பர் தேய்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள்.
• இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் மாட்டிவிட்டு மறுநாள் கழட்டினால், 52-வது பிரிவு அன்றே மறுபடி பொருந்தும்.
• பாலிசியில் பின்சீட்டில் வருபவருக்கும் கவர் இருக்கிறதா என்று ஏஜெண்டிடம் கேளுங்கள்.