வியாழக்கிழமைச் சட்டையும் பழவேற்காட்டுத் துணியும்



வியாழக்கிழமை காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் எங்கு பார்த்தாலும் பாத்தேக்தான். அரசு ஊழியர்கள் வியாழன்தோறும் பாத்தேக் உடுத்தும் வழக்கம் நமக்கெல்லாம் பழகிப்போச்சு. அதே பாத்தேக், தமிழ்ப்பள்ளிக் காட்சிக்கலைக் கல்வியில் பாரம்பரியக் கைவினை என்ற பகுதியிலும் வருகிறது. பிள்ளைகள் வெள்ளை மெழுகு வண்ணக்கோலால் தாளில் பூ வரைவார்கள். அதன்மேல் நீர்வண்ணம் பூசுவார்கள். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பூ வெள்ளையாக எழும்பி வரும்போது வகுப்பே "ஓ"ன்னு கத்தும்.

நான் இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவள். படிவம் 1 மாணவர்களிடம் தொடக்கப்பள்ளியில் செய்த கைவினை ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு மாணவன் இப்படித் தொடங்கியிருந்தான்: "மலாய்க்காரர்களின் கலையான பாத்தேக்கை நாங்கள் செய்தோம்." வாக்கியத்தில் பிழை இல்லை. தகவலும் பொய் இல்லை. கிளந்தான், திரெங்கானு மலாய்க் கைவினைஞர்கள் இல்லாமல் மலேசிய பாத்தேக் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தில் அவன் தன்னை விருந்தாளி நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டான். அது என்னை உறுத்தியது. துணியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் அவன் அப்படி ஓரமாக உட்கார வேண்டியதில்லை.

மலாக்காவிலிருந்து தொடங்குவோம். சுல்தான்கள் காலத்தில் துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தார்கள் இருந்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர்; சோழமண்டலக் கரையோர வணிகருக்கும் வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கும் சேர்த்து ஒருவர்; மற்ற இருவர் ஜாவா, சீனா முதலிய பக்கங்களுக்கு. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர், இந்த வணிகர்கள் கொண்டுவந்த துணிகளைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். நம் கரையோர வணிகரை அவர் 'கிளிங்' என்று குறிக்கிறார். இன்று காதில் விழுந்தால் நம்மைப் புண்படுத்துகிற சொல்தான். ஆனால் அக்கால ஏடுகளில் அது கலிங்கம் என்ற பெயரின் வழி வந்த, செல்வாக்குள்ள வணிகர்களின் பெயர்.

அவர்கள் கொண்டுவந்த சரக்கில் முக்கியமானது துணி. மொலுக்கா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வேண்டுமென்றால் வெள்ளிக்காசை விட இந்தியத் துணிக்கு மதிப்பு அதிகம். அதனால்தான் டச்சுக்காரர்கள் மசாலாத் தீவுகளோடு நிற்காமல் துணி கிடைக்கும் கரைக்கும் வந்தார்கள். 1613-இல் சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள். ஐரோப்பியர் வாயில் பழவேற்காடு 'புலிக்காட்' ஆனது. மலாய்க்காரர் வாயில் அந்த ஊர்த் துணி 'காயின் பெலிக்காட்' ஆனது. அதாவது நம் வீட்டு அப்பாவும் பக்கத்து வீட்டுப் பாச்சிக்கும் மாலையில் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருகிற கட்டம் போட்ட கைலி! ஒரு தமிழ்க் கடலோர ஊரின் பெயர் மலாய் மொழியில் துணியாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிப் பாருங்க, பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

கைலி நெசவில் ஆனது, பாத்தேக் மெழுகில் ஆனது. இரண்டும் வேறு என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் சோழமண்டலக் கரையிலிருந்து போனவை கட்டத் துணி மட்டும் இல்லை. எழுதுகோலால் வரைந்து சாயம் ஏற்றிய பூத்துணிகளும் போயின. இன்று கலம்காரி என்கிறோம். கும்பகோணத்துக்கு அருகே சிக்கல்நாயக்கன்பேட்டையில் அதன் ஒரு கிளை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பூத்துணிகளில் அவுரி நீலம் ஏற்றும்போது, நீலம் படக்கூடாத இடங்களை மெழுகால் மூடிவிடுவார்கள். நம் பிள்ளைகள் தாளில் செய்வதும் அதேதான். மெழுகு முறையை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று நான் வழக்காட வரவில்லை. பல நாடுகளில் தனித்தனியாகவும் தோன்றியிருக்கக்கூடிய உத்தி அது. ஆனால் இந்தியத் துணியின் பூவும் கட்டமும் ஜாவா பாத்தேக்கில் இடம்பிடித்தது உறுதி. குஜராத் பட்டோலாவின் சாயலில் வந்த ஜ்லாம்ப்ராங் வடிவம் இதற்கு நல்ல சான்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் துணி வரத்து குறைந்தபோது, அந்த இடத்தை நிரப்பியதில் ஜாவாப் பெண்களின் கைவேலைக்கும் பங்கு உண்டு. பிறகு ஐரோப்பிய ஆலைகளின் மெல்லிய வெள்ளைத் துணி வந்தது, மெழுகில் தோய்த்துப் பதிக்கும் செம்பு அச்சும் வந்தது, உற்பத்தி பெருகியது.

நம் தீபகற்பத்தில் கிளந்தானும் திரெங்கானுவும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சு பாத்தேக்கில் இறங்கின. கையால் வரையும் முறை இங்கே பரவியது பிற்பாடுதான். அதிலும் மலேசியப் பாணி தனி. மெழுகால் கோடு போட்டு, உள்ளே தூரிகையால் வண்ணம் தீட்டுவார்கள். ஜாவாவில் போலத் துணியைத் திரும்பத் திரும்பச் சாயத்தில் முக்குவதில்லை. பூவும் இலையும்தான் அதிகம். மனித உருவம் அரிது.

அந்த மனித உருவத்தைக் கொண்டுவந்தவர் பினாங்குக்காரர் ஒருவர். சுவா தியன் தெங், சீனாவின் பூஜியன் பகுதியில் பிறந்து 1930-களில் பினாங்கு வந்தவர். ஓவியம் கற்றவர். பாத்தேக் துணி செய்யும் தொழிலில் இறங்கினார், வியாபாரம் நிலைக்கவில்லை. கையில் இருந்தது மெழுகும் சாயமும் துணியும். சட்டைக்கும் சாரோங்குக்கும் ஆன அதே முறையில் 1950-களின் தொடக்கத்தில் ஓவியம் தீட்ட ஆரம்பித்தார். குழந்தையை அணைத்த தாய், மீனவர், கம்பத்துப் பெண்கள் என்று தான் அன்றாடம் பார்த்த மனிதர்களையே துணியில் எழுதினார். 1955-இல் பினாங்கில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 1968-இல் யுனிசெப் தன் வாழ்த்து அட்டைக்கு அவருடைய ஓவியம் ஒன்றை எடுத்துக்கொண்டது. 2008-இல் மறைந்தார். மெழுகு காய்ந்து வெடிக்கும்போது சாயம் உள்ளே கசிந்து மெல்லிய நரம்புபோல் கோடுகள் விழுமே, துணிக்காரர் குறை என்று நினைக்கக்கூடிய அதை அவர் படத்தின் அழகாக்கிக்கொண்டார். ஆண்டு 5 பிள்ளைகள் இதைத் தாளிலும் செய்யலாம். மெழுகு வண்ணத்தை அழுத்திப் பூசி, தாளைக் கசக்கி விரித்து, மேலே கருநீலம் தடவினால் போதும்.

ஜோர்ஜ்டவுன் லெபோ ஆர்மீனியனுக்கு மாணவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் பெரும்பாலும் 2012-இல் எர்னஸ்ட் சாக்கரெவிக் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஓவியத்தின்மேல் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே தெருவில் 2013-இல் பாத்தேக் ஓவியத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, சைக்கிளுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை அங்கே கொடுங்க. ஓவியத்தின் முன்னால் பிள்ளையை நிறுத்தி, "எந்த நிறம் முதலில் விழுந்திருக்கும்?" என்று கேளுங்க. பதில் சொல்ல அவன் படத்தைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பினாங்கு தூரம் என்றால் கவலை வேண்டாம். 2009-இல் இந்தோனேசிய பாத்தேக் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது யாருடைய பாத்தேக் என்று இரண்டு நாட்டிலும் சத்தம் கேட்டது. அந்தக் கேள்வியை வகுப்புக்குள் சிறிதாகக் கொண்டுவரலாம். வீட்டில் இருக்கும் ஒரு கைலி, ஒரு பாத்தேக் துணி, இரண்டையும் பாட்டியின் அனுமதியோடு எடுத்துவரச் சொல்லுங்க. நெய்ததா, அச்சா, கையால் வரைந்ததா? துணியின் பின்பக்கத்தைப் பாருங்க. மெழுகு பாத்தேக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் நிறம் இருக்கும், ஆலை அச்சில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். யார் வாங்கியது, எந்த ஊர்க் கடையில், எதற்காக? சாயம், தோய்த்தல், அச்சு, கரை, முகப்பு என்று தமிழ்ச் சொற்கள் தானாக வந்து விழும். அந்தப் பாடவேளையில் கலை ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து நின்றால் இன்னும் நல்லது; தமிழ்ப்பள்ளியில் பல சமயம் இருவரும் ஒரே ஆள்தான். கடைசியில் கைலியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கச் சொல்லுங்க. எந்த நாட்டில் நெய்தது என்று அதில் இருந்தால், வகுப்பு நிலப்படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கட்டும். பழவேற்காட்டுக்கு ஒரு புள்ளியை நீங்களே முன்னால் வைத்துவிடுங்க.