வாசல் கோலமும் கணினி இலக்கணமும்



மார்கழியில் நம் கம்பம், சின்னமனூர்ப் பக்கம் வாசலில் 7 புள்ளி நேர்ப்புள்ளிக் கோலம் போடுவார்கள். நடுவில் 7, இரு பக்கமும் 5, 3, 1. மொத்தம் 25 புள்ளி. ஒரு பக்கம் 1+3+5+7=16, அதாவது 4-இன் வர்க்கம். மறுபக்கம் 1+3+5=9, 3-இன் வர்க்கம். ஒற்றை எண்களின் கூடுதல் என்று வகுப்பில் நான் நடத்திய பாடம் இதுதான்.

தாம்பரத்தில் உள்ள சென்னை கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் விதிகள் உண்டு. சிறு வடிவம் எந்த விதிப்படி பெரிதாகிறது என்று எழுதிவிட்டால் கணினியும் கோலம் போடும் என்று காட்டினார்கள். நம் பள்ளிகள் கணினியையே பார்த்திராத காலம் அது. மூவரில் இருவர் பெண்கள்.

பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று இன்றும் சில வீடுகளில் சொல்கிறார்கள். அந்த வீட்டு வாசலிலும் கோலம் இருக்கிறது!

ஆசிரியராகிவிட்ட என் மாணவர்களே, கணினி அறையில் பிள்ளைகளைக் கோலம் போடச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கு ஒரு கேள்வி: 9 புள்ளிக் கோலத்தில் மொத்தம் எத்தனை புள்ளி?