கியர் யார் கையில்?



வளைவு நிறைந்த சாலையில் ரசித்து ஓட்டக் கைக்கியரா, ஆட்டோமேட்டிக்கா? இந்த வாதத்துக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிறது.

1940 மாடல் கார்களில் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ‘ஹைட்ராமேட்டிக்’ கியர்பெட்டியைக் கொடுத்தது. கிளட்ச் மிதியே இல்லை. நகரத்துக்கு அது வரம். ஆனால் வண்டியின் வேகத்தையும் ஆக்ஸிலேட்டரையும் வைத்துத்தான் அது கியர் மாற்றும். முன்னால் வரும் வளைவு அதற்குத் தெரியாது. அதனால் வேகப்பிரியர்கள் கைக்கியரை விடவில்லை.

1989-இல் நிலைமை மாறியது. பிரேசில் கிராண்ட் பிரீயில் ஃபெராரி ஓட்டிய நைஜல் மான்செல், ஸ்டீயரிங்கின் பின்னால் இருந்த பட்டைகளை விரலால் இழுத்தே கியர் மாற்றி வென்றார். 2003-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் இரட்டைக் கிளட்ச் வந்தது. ஒரு கியர் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்கும். வேகத்தில் மனிதக் கை தோற்றது.

2013-இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரில் கைக்கியரையே நிறுத்தியது. ரசிகர்கள் விடவில்லை, 2017-இல் அது திரும்பி வந்தது. வேகத்துக்காக அல்ல, ஓட்டும் இன்பத்துக்காக.

எந்த வண்டியானாலும் ஒன்றை மறக்காதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஆட்டோமேட்டிக்கை ‘டி’யில் விட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும். ‘எல்’ நிலைக்கோ, கையால் மாற்றும் நிலைக்கோ போய்க் கீழ் கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பத்திரமாகப் போய் வாருங்கள், பிள்ளைகளே.