உள்ளங்கைச் செயலாளர்

திருகோணமலை என்றதும் நம்மவர் நினைவில் முதலில் எழுவது எது? கோணேசர் திருக்கோயில் என்பார் சிலர். உலகம் போற்றும் இயற்கைத் துறைமுகம் என்பார் வேறு சிலர். கன்னியா வெந்நீரூற்றுகள் என்பாரும் உளர். கைக்குள் அடங்கும் இலத்திரனியற் குறிப்பேட்டின் வரலாற்றைச் சொல்ல வந்தவன் திருகோணமலையிலிருந்து தொடங்குகின்றானே என்று நேயர்கள் வியக்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு. சற்றுப் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

1956ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒருவர் சுவாமிமலையின் அடிவாரத்துக் கடலில் மூழ்கினார். காற்றடைத்த உருளையை முதுகிலே சுமந்து, கண்ணாடி முகமூடி அணிந்து மூழ்கிய அவருடன், மைக் வில்சன் என்ற நண்பரும் நீர்புகாப் பெட்டியில் அடைத்த கமராவுடன் இறங்கினார். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழங் கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் பாசி படர்ந்து கிடந்ததை அவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டிலேயே, நம் தீவின் கடலடி உலகைப் பற்றி அந்த ஆங்கிலேயர் எழுதிய நூல் வெளிவந்தது. அவரே ஆதர் சி. கிளார்க். செய்மதிகள் வழியே உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை வரைந்தவர். 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008ஆம் ஆண்டு கொழும்பிலே காலமாகும் வரை இம்மண்ணையே இல்லமாகக் கொண்டவர்.

நம் கதைக்கு வேண்டியது அவர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு நாவல். ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘இம்பீரியல் ஏர்த்’. 2276ஆம் ஆண்டில் நிகழ்வதாகப் புனையப்பட்ட அக்கதையில், சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனிலிருந்து பூமிக்கு வரும் இளைஞன் ஒருவன் ‘மினிசெக்’ என்னும் கருவியைக் கையில் வைத்திருக்கின்றான். சிறு செயலாளர் என்று அதைத் தமிழிற் சொல்லலாம். மனிதக் கை இலகுவாகப் பற்றக்கூடிய அளவே அதன் அளவு. 50 சிறு குமிழ்களே அதில் உள. எனினும் எந்த வேலைக்கு அதைத் திருப்புகின்றோமோ, அதற்கேற்ப ஒவ்வொரு குமிழிலும் தோன்றும் எழுத்து மாறிக்கொண்டே இருக்கும். அந்த இளைஞனின் நாட்குறிப்பும் முகவரிகளும் நினைவிற் கொள்ள வேண்டியன அனைத்தும் அதனுள் அடக்கம். அது இன்றி வாழ்வது எங்ஙனம் என்று அவனால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. சட்டைப்பையில் வைக்கத்தக்க கணிப்பான்கள் கடைகளுக்கு வரத் தொடங்கி ஒரு சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில் இப்படி எழுதினார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சுவாமிமலைக் கடலடியில்தான் அவருக்கு இந்த எண்ணம் உதித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆயினும், கடலுக்குள் மறைந்த நினைவுகளைத் தேடி இங்கே மூழ்கிய அதே மனிதர், நினைவுகளை உள்ளங்கையில் ஏந்தித் திரியும் கருவியையும் கற்பனை செய்தார் என்பது திருகோணமலையைச் சேர்ந்த எனக்கு ஒரு சிறு பெருமை.

கிளார்க் கற்பனையோடு நின்றவர் அல்லர். 1980களின் தொடக்கத்தில் அவர் எழுதிய ‘2010’ என்னும் நாவல் கணினியிலேயே உருவாயிற்று. கொழும்பிலிருந்து நியூயோர்க்கு நகருக்கு ஒரேயொரு காந்தத் தட்டாகப் பயணம் செய்தது அந்நாவல். இறுதித் திருத்தங்களோ பாதுக்கைச் செய்மதி நிலையத்தின் வழியாக வானேறிச் சென்றன. 1945இல் தாம் எழுதிய கட்டுரையின் பயனை அவரே நுகர்ந்தார் எனலாம்.

நினைவைப் பற்றிப் பேசும்போது கொட்டியாரக் குடாவை மறக்கலாமா? 1660ஆம் ஆண்டு, புயலில் முறிந்த பாய்மரத்தைப் பழுதுபார்க்க மூதூர்க் கரையில் ஒதுங்கிய கப்பலொன்றிலிருந்து றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் கண்டி அரசனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிலே வாழ்ந்து, 1679இல் தப்பி அரிப்புக்குச் சென்று ஒல்லாந்தரை அடைந்தார். தாயகம் திரும்பும் கப்பலில் அமர்ந்தே தம் அனுபவங்களை எழுதலானார். 1681இல் அது நூலாயிற்று. ஊரின் பெயர், உழவு முறை, வரி, திருமணம், நெல்லின் வகை எனப் பத்தொன்பது ஆண்டுச் செய்திகளைத் தம் தலைக்குள்ளேயே சுமந்து வந்தவர் அவர். அத்தகைய நினைவாற்றல் நமக்கு இல்லை. ஆகவேதான் நமக்கு ஏடும், கொப்பியும், பிற்காலத்தில் இந்த இலத்திரனியற் குறிப்பேடும் வேண்டியிருந்தன.

இனி மெய்யான கருவிகளுக்கு வருவோம். 1984ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் சயன் நிறுவனம் ‘ஓகனைசர்’ என்ற சிறு கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1993இல் அப்பிள் நிறுவனம் ‘நியூட்டன்’ என்ற கருவியை வெளியிட்டது. கையெழுத்தை வாசிக்கும் என்று பறைசாற்றப்பட்ட அக்கருவி பல வேளைகளில் எழுதியது ஒன்றாகவும் வாசித்தது வேறாகவும் இருந்து, கேலிச் சித்திரக்காரருக்கு விருந்தாயிற்று. வெற்றி கண்டது 1996இல் வந்த ‘பாம் பைலட்’. அதை ஆக்கிய ஜெப் ஹோக்கின்ஸ் கையாண்ட முறை சுவையானது. கருவியைச் செய்யுமுன் அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். யாராவது சந்திப்புக்கு நாள் கேட்டால், மரத்துண்டை வெளியே எடுத்து, குச்சியால் அதன்மேல் எழுதுவது போலப் பாவனை செய்வார். எந்த அளவு கைக்கு இசைவானது, எந்த வேலைக்கு எத்தனை தட்டுகள் போதும் என்பதை அந்த மரத்துண்டே அவருக்குக் கற்பித்தது. நம்முடைய தச்சர்களும் இப்படித்தான் முதலில் மாதிரி பார்ப்பார்கள்.

பாம் பைலட்டில் எழுதுவதற்கு ஒரு குச்சி உண்டு. எழுத்தாணி என்னும் பழந்தமிழ்ச் சொல் அதற்கு மிகப் பொருந்தும். அது ஆங்கில எழுத்துகளைச் சற்றே மாற்றிய கோடுகளாக எழுதினால் மட்டும் புரிந்துகொண்டது. மனிதனின் கையெழுத்தைக் கருவி கற்பதற்குப் பதிலாக, கருவியின் எழுத்தை மனிதன் கற்றான். முகவரி, நாட்காட்டி, செய்ய வேண்டிய வேலை, குறிப்பு என நான்கு கடமைகளே அதற்கு. சில ஆண்டுகளில் வண்ணத் திரையும் இசையும் வந்தன. 2001இல் சொனி நிறுவனத்தின் ‘கிளியே’ வரிசையில் இசை கேட்கும் கருவியும், 2002இல் கமரா பொருந்திய கருவியும் வெளியாயின. குறிப்பேடு பாட்டுப் பெட்டியாயிற்று, நிழற்படப் பெட்டியுமாயிற்று.

என் கைக்கும் அத்தகைய கருவி ஒன்று வந்து சேர்ந்தது. 2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானபின், பல்லாண்டுகளாக ஊர் காணாதிருந்த வெளிநாட்டு உறவினர் திருகோணமலைக்கு வரத் தொடங்கினர். அப்படி வந்த என் தமக்கையின் மகன், “மாமா, இனி உங்களுக்குக் கொப்பியும் பேனையும் வேண்டாம்” என்று சொல்லித் தன் கருவியை என்னிடம் தந்து சென்றான். எந்த நிறுவனத்தின் கருவி என்பது இங்கே தேவையில்லை. முதல் மாதம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த பெருமிதத்தை இன்று நினைத்தால் எனக்கே நாணமாக இருக்கிறது. தபாற்கந்தோரில் நின்று நாள் பார்ப்பதற்கும் அதைத்தான் எடுப்பேன். சுவரிலே நாட்காட்டி தொங்கும்.

ஆயினும் ஒரு குறை என்னை உறுத்தியது. அதில் தமிழ் எழுத முடியவில்லை. உலக மொழிகளின் எழுத்துகளை ஒருங்கே குறியீடு செய்யும் யுனிக்கோடில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. என்றாலும் சிறு கருவிகளுள் அது வந்து சேரவில்லை. தம்பலகாமத்தையும் முள்ளிப்பொத்தானையையும் ஆங்கில எழுத்தில் கூட்டி எழுதிவைத்துவிட்டு, பிறகு நானே வாசிக்க இயலாமல் தடுமாறியதுண்டு. இந்தியாவில் இக்குறையை உணர்ந்தோர் இருந்தனர். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தினரும் இணைந்து ‘சிம்பியூட்டர்’ என்ற கைக்கணினியை 2001இல் உலகுக்குக் காட்டினர். எழுத்தறியாதவருக்கும் பயன்படும்படி இந்திய மொழிகளில் வாசித்துச் சொல்லும் வசதியோடு அது திட்டமிடப்பட்டது. ஊருக்கு ஒரு கருவி, ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை என்பதே அவர்கள் எண்ணம். 2004இல் கடைக்கு வந்தபோது எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. கையடக்கத் தொலைபேசி அதற்குள் மலிந்துவிட்டது. நல்ல எண்ணம் காலந் தாழ்த்தி வந்தது. மறு ஆண்டிலேயே, மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய ‘செல்லினம்’ கையடக்கத் தொலைபேசியில் தமிழ் எழுத வழி திறந்தது.

எழுத முடியாத கருவியிற் பேச முடிந்தது. அதுவே என் பேறு. அதிலிருந்த ஒலிப்பதிவு வசதியைக் கொண்டு, 2003ஆம் ஆண்டின் பல மாலைகளில் என் தந்தையாரின் பேச்சைப் பதிந்து வைத்தேன். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் குண்டுக்கு இலக்காயின. எண்ணெய்க் குதமொன்றின்மேல் விமானம் வீழ்ந்து, அது நாட்கணக்காக எரிந்தது. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. இவை நூல்களில் உள்ள செய்திகள். உப்புவெளியிலிருந்து எந்த ஒழுங்கையால் ஓடினார்கள், யார் வீட்டுக் கிணற்றில் நீர் குடித்தார்கள், சமைத்த சோற்றுப் பானையை யார் தலையில் தூக்கினார்கள் என்பவை எந்த நூலிலும் இல்லை. பிற்காலத்தில் அவர் கடற்படைத் தளத்துப் பட்டறையிலே வேலை பழகி, 1957இல் பிரித்தானியர் தளத்தை ஒப்படைத்துச் செல்லும்வரை அங்கே உழைத்தார். அக்கதையும் சொன்னார். மொத்தம் ஐந்து பதிவுகள். கருவியின் உள்நினைவு போதாமல் இரண்டை மட்டும் ஒரு சிறு அட்டைக்கு மாற்றினேன். ஏனையவற்றுக்கு வீட்டுக் கணினியிற் படி எடுத்து வைத்தேன். பாதுகாப்புச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி எனக்கு.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை கடல் வீட்டுக்குள் வந்தது. தெய்வாதீனமாக நாங்கள் உயிர் தப்பினோம். கிண்ணியாவிலும் மூதூரிலும் பல குடும்பங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. என் சட்டைப்பையிற் கருவி இருந்தது. மேசையிலிருந்த கணினி உப்புநீரில் ஊறியது. கருவிக்கு மின்னேற்றும் கம்பியும் வெள்ளத்தோடு போயிற்று. கன்னியாவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்த அந்த வாரத்தில், கருவியின் மின்கலம் சிறுகச் சிறுக வற்றியது. அக்காலக் கருவிகளின் உள்நினைவு மின்சாரம் உள்ளவரையே நிற்கும். மின்கலம் முற்றாகத் தீர்ந்தால் எழுதியது யாவும் அழிந்துபோகும். இதை நான் ஏதோ ஒரு கையேட்டில் வாசித்திருந்தேன், பொருட்படுத்தவில்லை. வேறொரு கம்பியைத் தேடிப் பிடித்து உயிரூட்டியபோது, கருவி புத்தம் புதிதாக விழித்து, என் பெயரென்ன என்று கேட்டது. மூன்று பதிவுகள் போயின. அடுத்த ஆண்டு தந்தையாரும் காலமானார்.

அட்டையிலிருந்த இரண்டும் தப்பின. ஆனால் சில ஆண்டுகளிற் கருவி பழுதாயிற்று. அதற்கேற்ற கருவி விற்பார் இல்லை. அந்த அட்டையை வாசிக்கும் துவாரம் புதிய கணினிகளில் இல்லை. 2007இல் ஐபோன் வந்தபின், தனிக் குறிப்பேடு என்னும் இனமே தொலைபேசிக்குள் கரைந்து போயிற்று. பாம் நிறுவனம் கைமாறி மறைந்தது. கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை ஏட்டில் எழுதினார்கள். ஏடு செல்லரிக்குமுன் இன்னொருவர் புதிய ஏட்டிற் படி எடுத்தார். அதை வாசிக்கக் கண் போதும். என்னிடம் இருந்ததோ நகத்தளவு கறுப்புத் தகடு. அதைக் காதில் வைத்தால் ஒன்றும் கேளாது.

பதினைந்து ஆண்டுகளின்பின், கொழும்பிலே பழுதுபார்க்கும் கடையொன்றில் ஓர் இளைஞர், பழைய சாமான் பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி, அந்த அட்டை பொருந்தும் வாசிப்பான் ஒன்றை எடுத்தார். ஐந்து நிமிடமும் ஆகவில்லை. கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பேருந்தில் ஊர் திரும்பும் வழியிலே, என் தொலைபேசியிற் பதிவுகளை ஓடவிட்டேன். முதலாவது, பட்டறைக் கதை, முழுமையாக உளது. மற்றது, 1942ஆம் ஆண்டுக் கதை. பின்னணியில் காகங்கள் கரைகின்றன. யாரோ வாளியால் நீர் இறைக்கிறார்கள். என் தாயாராக இருக்க வேண்டும். “குதம் எரிஞ்ச புகை ஊருக்கு மேல வந்து, பகல் இருட்டாப் போச்சு. அப்ப ஐயா எங்களை எங்க கூட்டிக்கொண்டு போனவரெண்டால்...” என்று தந்தையார் சொல்லும்போது பதிவு நின்றுவிடுகின்றது. அதற்கு மேல் அட்டையில் இடம் இருக்கவில்லை.